நாலு இலை போனால் போகட்டும்

ஆவணி பிறந்துவிட்டால் ஈரோட்டுப் பக்கத்து மஞ்சள் காடுகளில் தழை இடுப்புக்கு மேல் நிற்கும். வைகாசியிலும் ஆனியிலும் ஊன்றிய விதை மஞ்சள் பக்க முளைகள் விட்டு, வரப்பிலிருந்து பார்த்தால் பாத்தியே தெரியாத அளவுக்கு மூடிக்கொண்டிருக்கும். அந்தப் பச்சைக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில இலைகளின் ஓரம் மட்டும் வெட்டுப்பட்டு, மடிந்து, குழலாகச் சுருண்டிருக்கும். இலைச்சுருட்டுப் புழு விழுந்துவிட்டது என்பார்கள். பல காடுகளில் அன்று மாலையே உரக்கடையிலிருந்து மருந்து பாட்டில் வந்து சேர்ந்துவிடும். அந்தச் சுருட்டைக்குள் இருப்பது ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு என்பது அந்தப் பரபரப்பில் யாருக்கும் நினைவுக்கு வராது. வந்தாலும் மருந்து நிற்காது. அது நிற்க வேண்டும். அந்தப் பொறுப்பை விவசாயி தலையில் மட்டும் கட்டிவிடாமல் வாங்குபவர், விற்பவர், அதிகாரி, ஊராட்சி என்று எல்லோரும் ஆளுக்கொரு பங்கு ஏற்க வேண்டும். இந்தக் கட்டுரை கேட்பது அதைத்தான்.

முதலில் அந்த உயிரை நன்றாகப் பார்த்துவிடுவோம். வண்ணத்துப்பூச்சிகளில் துள்ளிகள் என்று ஒரு பெரிய குடும்பம் உண்டு. ஹெஸ்பெரிடே என்பது அதன் அறிவியல் பெயர். உலகம் முழுவதும் 3,500-க்கு மேற்பட்ட இனங்கள் இதில் அடங்கும். வண்ணத்துப்பூச்சி என்றதும் நம் மனத்தில் எழும் உருவம் இவற்றுக்குக் கிடையாது. உடம்பு தடித்திருக்கும், தலை அகன்றிருக்கும், கண்கள் பெரியவை. மற்ற வண்ணத்துப்பூச்சிகளின் உணர்கொம்பு நுனியில் குமிழாக முடியும். துள்ளிகளுக்கு அது கொக்கிபோல் பின்னோக்கி வளைந்து முடியும். இரண்டு உணர்கொம்புகளும் தலையில் ஒன்றுக்கொன்று நன்றாக விலகியே முளைத்திருக்கும். மிதந்து பறக்கிற பழக்கம் இல்லை. விருட்டென்று கிளம்பி, கண் தொடர்வதற்குள் நான்கு அடி தள்ளி இன்னோர் இலையில் உட்கார்ந்துவிடும். பெரும்பாலானவை பழுப்பு நிறம். அதனால்தான் அந்துப்பூச்சி என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறோம். அழகாக இருப்பதற்கு மட்டும் கிடைக்கிற அக்கறை இவற்றுக்குக் கிடைப்பதில்லை.

நம் மஞ்சள் காட்டில் வளர்வது இக்குடும்பத்தில் கிராஸ் டெமன் என்று ஆங்கிலத்தில் வழங்கும் இனம். உடாஸ்பெஸ் ஃபோலஸ் என்பது அறிவியல் பெயர். 1775-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் கிராமர் இதை விவரித்து எழுதினார். இறக்கை விரித்தால் நான்கு முதல் ஐந்து சென்டிமீட்டர் வரும். மேற்புறம் கறுப்பை ஒட்டிய அடர்பழுப்பு. முன்னிறக்கையில் அளவு ஒத்துப்போகாத சில வெள்ளைப் புள்ளிகள். பின்னிறக்கையின் நடுவில் ஒரு பெரிய வெள்ளைத் திட்டு, இருட்டான சுவரில் யாரோ விரலால் சுண்ணாம்பை அப்பிவிட்டுப் போனதுபோல ஓரம் கோணிக்கொண்டு இருக்கும். இறக்கையின் விளிம்பைக் கூர்ந்து பார்த்தால் மெல்லிய மயிர்வரிசை தெரியும். வெள்ளையும் பழுப்பும் மாறி மாறி வரும். இறக்கையை மூடினால் அடிப்புறத்திலும் அந்த வெள்ளைத் திட்டு தெரியும். காலை வெயிலில் இறக்கைகளைப் பாதி திறந்து இலை மேல் உட்கார்ந்திருக்கும்போதுதான் இதையெல்லாம் பார்க்க முடியும். கிட்டே போனால் பறந்துவிடும். ஆனால் தொலைவுக்குப் போகாது. இரண்டு செடி தள்ளி, முழங்கால் உயரத்திலேயே மறுபடி உட்காரும். வாயிலுள்ள உறிஞ்சுகுழல் நீளமானது என்பதால் குழாய்போல் ஆழமான பூக்களிலிருந்தும் தேன் எடுக்கும்.

இலங்கையில் தொடங்கி இந்தியா, மியான்மர், மலேசியா, தென்சீனா, தைவான் என்று ஜப்பானின் தெற்குத் தீவுகள் வரை இது பரவியிருக்கிறது. புழுவின் உணவு இஞ்சிக் குடும்பத்துச் செடிகள். மலையில் காட்டு மஞ்சளிலும் காட்டு இஞ்சி வகைகளிலும் வளரும். சமவெளியில் நாம் பயிரிடும் மஞ்சளும் இஞ்சியுமே இதற்கு வீடு. ஆகவே தமிழ்நாட்டுச் சமவெளியில் இந்த வண்ணத்துப்பூச்சி இருப்பதும் இல்லாமல் போவதும் பெரும்பாலும் நம் காட்டிலும் கொல்லையிலும் நாம் செய்வதைப் பொறுத்தது. காப்புக்காட்டுக்குள் வேலி போட்டுக் காப்பாற்றிவிடலாம் என்ற வழி இதற்குப் போதாது.

சுருண்ட ஓர் இலையைப் பொறுமையாகப் பிரித்துப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளை நூலால் தையல் போட்டிருக்கும். புழுவின் வாயிலிருந்து வந்த பட்டு நூல் அது. ஒவ்வொரு தையலும் அறுபடும்போது விரலில் அந்த இழுவை தெரியும். உள்ளே இருக்கும் புழு வெளிர்பச்சை. தோல் அவ்வளவு மெல்லியது. தின்ற இலையின் கரும்பச்சை குடலுக்குள் நகர்வது வெளியிலிருந்தே தெரியும். தலை கருத்துப் பெரிதாக இருக்கும். தலைக்கும் உடலுக்கும் நடுவில் கழுத்து ஒடுங்கியிருக்கும். புழுக்களில் கழுத்து இப்படித் தெரிவது துள்ளிகளுக்கே உரிய அடையாளம்.

குழலுக்குள் பொதுவாக எச்சம் இருக்காது. துள்ளிப் புழுக்கள் தம் எச்சத்தை உடலின் பின்முனையிலிருந்து அழுத்தத்தோடு வெளியே எறிகின்றன. வட அமெரிக்காவில் உள்ள ஒரு துள்ளியின் புழு தன் உடல் நீளத்தைப் போல ஏறத்தாழ 40 மடங்கு தூரத்துக்கு எறிவதை அளந்திருக்கிறார்கள். ஏன் இந்தப் பாடு என்ற கேள்விக்கு ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் மார்த்தா வெய்ஸ் 2003-இல் வெளியிட்ட ஆய்வு விடை சொன்னது. எச்சத்தின் வாடையை வைத்துக் குளவிகள் புழுவைக் கண்டுபிடித்துவிடுகின்றன. வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கும் புழு பிழைக்கிறது. அதாவது இந்தச் சுருட்டை இலை எங்கே இருக்கிறதோ அங்கே குளவியும் தேடி அலைகிறது. சிலந்தி இருக்கிறது, புழுவின் உடம்புக்குள் முட்டையிடும் சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவி இருக்கிறது, தவிட்டுக்குருவி இருக்கிறது. மருந்து அடிக்காத ஒரு மஞ்சள் காட்டில் இந்தப் புழுவைக் கட்டுக்குள் வைக்கும் வேலை நாள் முழுக்க நடந்துகொண்டிருக்கிறது. கூலி கேட்காத வேலை.

இது பயிரைத் தின்கிற புழு. அதை மறைத்துப் பேசுவதில் பொருள் இல்லை. இலைதான் கிழங்குக்குச் சோறு போடுகிறது. இலை அளவுக்கு மீறிப் போனால் கிழங்கு பருக்காது. ஆனால் சேதத்துக்கு ஓர் அளவு உண்டு. மஞ்சளைத் தாக்கும் பூச்சிகளில் தலையாயது தண்டு துளைப்பான். நடுக்குருத்தையே காய வைத்துவிடும் அது. அதோடு கிழங்கு அழுகல் நோய் வந்தால் பாத்தியே போய்விடும். கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டுதல்களிலும் முதலிடம் தண்டு துளைப்பானுக்குத்தான். இலைச்சுருட்டு பின்வரிசையில் வருகிறது. ஒரு தூரில் பத்து இலை இருக்கும்போது ஓர் இலையின் ஓரம் போனதற்காக எந்த விவசாயியும் நொடித்துப்போனதில்லை. ஏலத்தில் விரலி மஞ்சளையும் கிழங்கு மஞ்சளையும் உடைத்துப் பார்த்து நிறம் பார்ப்பார்கள், காய்ந்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார்கள். செடியில் இலை எப்படி இருந்தது என்று கேட்டவர் யாரும் இல்லை.

பிறகு ஏன் மருந்து? கண்ணுக்குத் தெரிவதால். தண்டுக்குள் புழு துளைப்பது வெளியில் உடனே தெரியாது. கிழங்கு அழுகுவது மண்ணுக்குள் நடக்கிறது. சுருண்ட இலையோ வரப்பிலிருந்தே தெரிகிறது. பக்கத்துக் காட்டுக்காரர் பார்த்துவிட்டு ‘என்னங்க, புழு விழுந்திருக்குது, அடிக்கலீங்களா?’ என்று கேட்டுவிட்டால் அன்று இரவு தூக்கம் வராது. ஊர் முன்னால் பயிரைக் கவனிக்காதவர் என்று பெயர் வாங்க எந்த விவசாயியும் விரும்புவதில்லை. பல நேரம் பாட்டிலைத் திறக்க வைப்பது இந்த அச்சம். புழுவின் பங்கு அதில் குறைவு.

அடிக்கிற மருந்து போய்ச் சேர்வதும் குறிவைத்த இடத்தில் இல்லை. புழு பட்டு நூலால் தைத்த குழலுக்குள் பத்திரமாக இருக்கிறது. மேலே பட்டால் கொல்லும் வகை மருந்து குழலின் வெளிப்புறத்தில்தான் படிகிறது. அந்த வெளிப்புறத்தில் நடமாடுபவை சிலந்தியும் பொறிவண்டும் ஒட்டுண்ணிக் குளவியும். முதலில் சாவது காவல்காரர்கள். இரண்டு வாரம் கழித்துப் புதிதாக வந்து முட்டையிடும் தாய்ப்பூச்சிக்குக் காவல் இல்லாத காடு கிடைக்கிறது. அடுத்த தடவை அடிக்க வேண்டிய தேவையை இந்தத் தடவை அடித்த மருந்தே உண்டாக்கிவிடுகிறது.

காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதே துள்ளிக் குடும்பத்தில் ஒரு சான்று உண்டு. வாழை இலையைச் சுருட்டும் ஒரு துள்ளி 1973-இல் ஹவாய்த் தீவுகளில் காணப்பட்டது. பிறந்த மண்ணான ஆசியாவில் இதைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த குளவிகள் அங்கே இல்லை. வாழைத் தோட்டங்கள் கந்தலாயின. ஆசியாவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுபோய் விட்ட பிறகே அடங்கியது. பாப்புவா நியூ கினியிலும் பின்னாளில் இதே கதை, இதே தீர்வு. நம் மஞ்சள் காட்டில் அந்தக் குளவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. காசு கொடுத்து அவற்றைக் கொன்றுகொண்டிருக்கிறோம்.

இந்த மருந்தின் இன்னொரு கணக்கு மனிதர்கள் பேரில் இருக்கிறது. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தபோது அதைச் சுவாசித்து 20-க்கும் மேற்பட்ட விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் இறந்துபோனார்கள். இலைச்சுருட்டுக்கென்று நெடுங்காலம் பரிந்துரைக்கப்பட்டு வந்த கார்பரில் என்ற மருந்தை 2018-இல் மத்திய அரசே தடை செய்தது. மஞ்சள் தழை இடுப்புக்கு மேல் நிற்கும்போது உள்ளே நுழைந்து அடிப்பவரின் முகத்துக்கு நேராகத்தான் புகை வரும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, முதுகில் தெளிப்பானைச் சுமந்து போகிறவர் யார்? பெரும்பாலும் காட்டுக்குச் சொந்தக்காரர்கூட இல்லை, நாள்கூலிக்கு வந்தவர். வண்ணத்துப்பூச்சிக்காக ஏன் பேசுகிறாய் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: அந்தப் பூச்சி வாழக்கூடிய காட்டில் இவரும் பத்திரமாக மூச்சுவிட முடியும்.

கண்ணுக்குத் தெரியும் இலைச் சேதம் வீண் மருந்துக்கு வழிவகுக்கிறது என்ற சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. 1990-களின் தொடக்கத்தில் வியட்நாமின் மேகாங் ஆற்றுப் படுகையில் நெல் விவசாயிகள் ஒரு பருவத்துக்கு மூன்று தடவைக்கு மேல் பூச்சிமருந்து அடித்துவந்தார்கள். அதில் பெரும்பகுதி, நட்ட சில வாரங்களுக்குள் இலைமடக்குப் புழுவைப் பார்த்துப் பதறி அடித்தது. நெற்பயிரோ அந்த வயதில் இழந்த இலையைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹியோங், எஸ்கலாடா ஆகிய இருவரும் விவசாயிகளுக்குப் பாடம் நடத்தவில்லை. வயலில் ஒரு சின்னத் துண்டை ஒதுக்கி, முதல் 40 நாள் மட்டும் அதில் மருந்து அடிக்காமல் விட்டுப் பாருங்கள், மற்ற பகுதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார்கள். வானொலியில் சின்னச் சின்ன நாடகங்கள் ஒலிபரப்பானது, சுவரொட்டி ஒட்டியது, உள்ளூர் அலுவலர்கள் ஊர் ஊராகப் போனது எல்லாம் 1994-இல் லாங் ஆன் மாகாணத்தில் தொடங்கியது. சில ஆண்டுகளில் மருந்து அடிப்பது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. விளைச்சல் விழவில்லை.

அங்கே வென்றதற்குக் காரணம் ஊரே ஒன்றாகச் சேர்ந்தது. பக்கத்து வயல்காரரும் அதே வானொலி நாடகத்தைக் கேட்டிருந்தார். ‘அடிக்கலீங்களா?’ என்ற கேள்விக்குப் பதில் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. தனியாக ஒருவர் மருந்தை நிறுத்தினால் அவர் சோம்பேறி. ஊர் நிறுத்தினால் அது முறை. நெல்லுக்குச் சரியானது அப்படியே மஞ்சளுக்கும் சரி என்று நான் சொல்லவில்லை. மஞ்சள் எட்டு ஒன்பது மாதப் பயிர்; இலைச்சுருட்டு வரும் காலமும் வேறு. அதனால்தான் நம் காட்டில் நாமே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. காட்டுக்கு இரண்டு பாத்தி போதும். அவற்றில் இலைச்சுருட்டுக்கென்று மருந்து அடிக்காமல் விடலாம். சுருட்டை மிகுந்தால் கையால் இலையைப் பிரித்துப் புழுவைப் பொறுக்கலாம். தண்டு துளைப்பானோ அழுகலோ வந்தால் அதற்குரியதைச் செய்துகொள்ளலாம். அதில் பிடிவாதம் வேண்டாம்.

இந்த இரண்டு பாத்தியைக் கேட்பதற்கு முன் விவசாயிக்கு நாம் என்ன தருகிறோம் என்று பார்க்க வேண்டும். ஓர் ஆண்டு உச்சத்துக்குப் போய், அடுத்த ஆண்டுகளில் விழுந்து கிடக்கும் விலையை நம்பி ஒன்பது மாதம் காத்திருப்பவர் அவர். விதைக்கும் உரத்துக்கும் மருந்துக்கும் கடன் தருவது உரக்கடை. பூச்சி விழுந்தால் ஆலோசனை கேட்பதும் அங்கேதான். ஏனென்றால் வேளாண் உதவி அலுவலர் ஒருவர் பல ஊர்களைப் பார்க்கிறார். கடை தினமும் திறந்திருக்கிறது. கடைக்காரரைக் கெட்டவர் என்று சொல்லிவிடுவது எளிது. நான் அறிந்த பல கடைக்காரர்களும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். பக்கத்துக் காடு அவர்கள் அப்பாவுடையது. ஆனால் மருந்து விற்றால்தான் வருமானம் என்ற நிலையில் இருப்பவரிடமே மருந்து வேண்டுமா என்று கேட்கும் ஏற்பாடு தவறானது. அதை மாற்றும் கடமை அரசுக்கு உண்டு. இலைச்சுருட்டு, தண்டு துளைப்பான், அழுகல் மூன்றையும் படத்தோடு காட்டி, எந்த அளவு சேதத்துக்கு மேல் போனால் மருந்து, எதற்குத் தேவையில்லை என்று எழுதிய ஒரு பலகையை ஒவ்வொரு உரக்கடை முகப்பிலும் வேளாண் துறை வைக்கலாம். செலவு பெரிதல்ல. கடைக்காரரும் அதைக் கைகாட்டி ‘இதுக்கு வேண்டாம்ங்க’ என்று சொல்லத் தைரியம் வரும். தமிழ்நாடு அரசு 2023-இல் அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டிருக்கிறது. அந்தக் கொள்கை இந்தக் கடை முகப்பு வரை வந்து சேர வேண்டும்.

வாங்குகிறவர்களின் பங்கும் சின்னதல்ல. பொங்கல் வந்தால் மஞ்சள் கொத்து வாங்குகிறோம். பானையின் கழுத்தில் கட்டப்போகிற கொத்தில் ஓர் இலை கடிபட்டிருந்தாலும் தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்கிறோம். தெருவில் கொத்து வைத்து விற்கும் அம்மாவுக்கு அது தெரியும். அவர் மொத்தமாக வாங்கும்போது பழுதில்லாத இலையாகப் பார்த்து வாங்குகிறார். அந்தக் கணக்கு காட்டுக்குப் போய்ச் சேருகிறது. பொங்கலுக்கென்று விடும் பாத்தியில் இலைக்காகவே மருந்து அடிக்கும் கட்டாயத்தை உண்டாக்குவது நம் விரல்கள். ஓர் ஓரம் கடிபட்ட இலையோடு இருக்கும் கொத்தைத் தள்ளிவிடாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த இலைகள்தாம் நம் குழந்தைகள் தொடுகிறவை. பொங்கல் பொங்கும்போது பானையின் வாயோரம் ஆவியில் வாடுகிறவை.

மஞ்சள்தூள் ஆலைகளும் ஏற்றுமதியாளர்களும் ஏற்கெனவே மருந்து எச்சத்தைப் பரிசோதிக்கிறார்கள். எச்சம் மிகுந்தால் சரக்கு திரும்புகிறது என்று அவர்களுக்குத் தெரியும். எச்சம் குறைந்த மஞ்சளுக்குக் குவிண்டாலுக்கு இவ்வளவு கூடுதல் என்று முன்கூட்டியே அறிவிப்பதில் அவர்களுக்கு நட்டம் இல்லை. ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தேசிய மஞ்சள் வாரியம் தொடங்கிவைக்கப்பட்டது. பேரும் அமைப்பும் இருக்கின்றன. அவற்றின் பயன் பாத்தியில் நிற்பவருக்கு வந்து சேர வேண்டும்.

ஊராட்சியும் நகராட்சியும் செய்ய வேண்டியது ஒன்று. வளர்ந்த வண்ணத்துப்பூச்சிக்கு இலை போதாது, பூ வேண்டும். வாய்க்கால் கரையிலும் சாலையோரத்திலும் தானாக முளைக்கும் தும்பை, மூக்குத்திப்பூ, நாயுருவி போன்றவற்றைக் களைக்கொல்லி அடித்துக் கருக்கிவிடுவது இப்போது வழக்கமாகிவருகிறது. சுத்தம் என்று நினைத்துச் செய்கிறார்கள். பாதை மறைந்தால் வெட்டிவிடலாம். வெட்டினால் திரும்பத் துளிர்க்கும். ஒரு கரையை வெட்டும்போது எதிர்க்கரையை அடுத்த மாதத்துக்கு விடலாம். நெல் வயலோரப் புல்லில் வளரும் வேறு சில துள்ளி இனங்களும் உண்டு. அவற்றுக்கும் அந்தப் புல்தான் வீடு. நகரத்தில் இருப்பவர்கள் மாடித்தொட்டியில் நாலு மஞ்சள் கிழங்கு ஊன்றி வைத்தால், சில ஊர்களில் அதைத் தேடியும் இந்தத் துள்ளி வந்துவிடும்.

ஒரு துள்ளியை இழந்தால் திரும்பக் கொண்டுவர என்ன விலை ஆகும் என்பதை இங்கிலாந்து கண்டது. செக்கர்ட் ஸ்கிப்பர் என்ற சின்னத் துள்ளி 1976-இல் இங்கிலாந்திலிருந்து மறைந்தது. யாரும் திட்டம் போட்டு அழிக்கவில்லை. காட்டுக்குள் வெயில் படும் புல்வழிகளைப் பராமரிப்பது நின்றுபோனது, மரங்கள் அடர்ந்து மூடிக்கொண்டன, அவ்வளவுதான். 42 ஆண்டுகள் கழித்து, 2018-இல் பெல்ஜியத்தில் பிடித்து எடுத்துவந்து நார்தாம்ப்டன்ஷயரின் ராக்கிங்ஹாம் காட்டில் விட்டார்கள். அதற்குமுன் புல்வழிகளை மறுபடி திறந்துவிட வேண்டியிருந்தது. ஆய்வாளர்கள், வனத்துறை, தன்னார்வலர்கள் என்று பல கைகள் பல ஆண்டுகள் உழைத்தன. அமெரிக்காவின் புல்வெளிகளில் ஒரு காலத்தில் மிகச் சாதாரணமாகப் பறந்த பவுஷீக் ஸ்கிப்பர்லிங் என்ற துள்ளி 2014-இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில இடங்களில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சாதாரணமாக இருப்பது எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கை அங்கெல்லாம் ஏமாற்றியிருக்கிறது. நம் மஞ்சள் காட்டுத் துள்ளி இன்று அபூர்வமானதல்ல. பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள ஏற்ற காலம் இதுதான். செலவு குறைவாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

2019-இல் தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தோம். மலைக்காட்டில் பறக்கும் அந்தச் செம்மஞ்சள் அழகுக்கு அந்த மரியாதை தகும். ஆனால் காட்டில் வேலை செய்கிறவர்கள் தினமும் பார்ப்பது இந்தப் பழுப்புத் துள்ளியைத்தான். இதைப் பதிவு செய்யப் புதிய சட்டம் தேவையில்லை. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றை அது பராமரிக்க வேண்டும். பல ஊர்களில் அந்தப் பதிவேடு ஒரு தடவை எழுதி அலமாரியில் வைத்ததோடு சரி. அதைப் பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாம். ஆவணியிலும் புரட்டாசியிலும் அறிவியல் ஆசிரியரோடு அவர்கள் மஞ்சள் காட்டுக்குப் போய், அந்த இரண்டு பாத்தியில் எத்தனை இலை சுருண்டிருக்கிறது, எத்தனை சுருட்டைக்குள் புழு உயிரோடு இருக்கிறது, எத்தனையில் குளவி தின்றுவிட்டுப் போயிருக்கிறது என்று எண்ணி எழுதலாம். பிள்ளைகள் எண்ணுவதைப் பார்க்கும் அப்பாவும் ஒரு தடவை குனிந்து பார்ப்பார்.

‘இலைக்கு நீங்கள் பேசுகிறீர்கள், எடை குறைந்தால் யார் தருவார்?’ என்று விவசாயி கேட்பார். நியாயமான கேள்வி. இரண்டு பாத்தியில் குறையக்கூடிய எடைக்கு ஈடு என்பது ஓர் ஊருக்குப் பெரிய தொகை ஆகாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், மஞ்சள் வணிகர்கள், தூள் ஆலைகள் மூன்று தரப்பும் சேர்ந்து நடவுக்கு முன்பே அந்தத் தொகையை ஒதுக்கி வைக்கலாம். மே 1 கிராம சபை நடவுக்குச் சற்று முன்னால் வருகிறது. எந்தக் காட்டில் எந்தப் பாத்தி, ஈட்டுத் தொகை யார் பொறுப்பு, கரையோரத்தில் களைக்கொல்லி வேண்டாம் என்ற தீர்மானம் எல்லாவற்றையும் அன்றே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். ஆகஸ்ட் 15 சபையில் சுருட்டை தொடங்கிவிட்டதா என்று வேளாண் அலுவலர் வந்து சொல்ல வேண்டும். அக்டோபர் 2 சபையில் பிள்ளைகள் எண்ணியதைப் படிக்கட்டும். தையில் தொடங்கும் அறுவடையில் அந்த இரண்டு பாத்தியின் கிழங்கையும், மருந்து அடித்த இரண்டு பாத்தியின் கிழங்கையும் ஊர் முன்னால் தனித்தனியாக எடை போட வேண்டும். மார்ச் 22 கிராம சபையில் இரண்டு எடையையும் மருந்துச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாசிக்க வேண்டும். எடை குறைந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லி, ஒதுக்கி வைத்த தொகையை அந்தச் சபையிலேயே விவசாயி கையில் கொடுத்துவிட வேண்டும்.